இவருடைய நாக்கு

என் கணவர் பாலச்சந்திரனின் வாயில் எப்போதும் கொழுக்கட்டைதான். இருபது வருடமாக என் கையால் சாப்பிடுகிறார். "கறி எப்பிடி?" என்று கேட்டால் "நல்லாயிருக்கு" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. பாரிஸில் பெரிய பிரெஞ்சு உணவகம் ஒன்றின் குசினியில் அவருக்கு வேலை. அங்கே என்ன செய்கிறார் என்று நானும் துருவிக் கேட்டதில்லை. வெங்காயம் வெட்டுவார், சட்டி கழுவுவார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் எனக்குத் தெரிந்த ஆம்பிளைகளில் பாதிப் பேர் அதைத்தானே செய்கிறார்கள்.

அதனால்தான், ஷாம்பெயின் செய்கிற ஊரான எப்பர்னேயில் ஓர் உணவகம் தன்னை இரண்டாவது செஃப்பாகக் கூப்பிடுகிறது, அங்கேயே போய் இருந்துவிடலாமா என்று ஒருநாள் அவர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது.

"லாச்சப்பலை விட்டு நான் ஒரு இடமும் வரமாட்டன். என்ரை கடை வேலை இஞ்சை, கோயில் இஞ்சை, கதைக்கிற சனம் இஞ்சை. நாளைக்கு அவங்கள் உங்களை வேண்டாமெண்டு விட்டால் திராட்சைத் தோட்டத்துக்கை நிண்டு என்ன செய்யிறது?"

அவர் சண்டை பிடிக்கவில்லை. "ஒருக்கா வந்து பாரும். பாத்திட்டும் மாட்டன் எண்டால், நானும் மாட்டன் எண்டு சொல்லிவிடுறன்" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை காலை கார் து லெஸ்ற் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். மாட்டேன் என்று சொல்வதற்காகவே நான் போனேன். சொல்ல வேண்டிய வசனம்கூடத் தயாராக இருந்தது.

முதலில் ஒரு ஷாம்பெயின் நிலவறைக்குக் கூட்டிப்போனார். நூற்றுப் பதினாறு படி இறங்கினோம். எண்ணிக்கொண்டே இறங்கினேன், முழங்கால் வலிக்கு அவரைத் திட்ட ஒரு காரணம் வேண்டுமே. கீழே போனதும் திட்ட மறந்துவிட்டேன். வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து தெரு தெருவாக வெட்டியிருந்தார்கள். விளக்கின் வெளிச்சம் போன தூரம் வரைக்கும் போத்தல்கள் சரிந்து படுத்திருந்தன. எங்கள் லாச்சப்பல் கடைகள் எல்லாவற்றையும் தூக்கி வந்து அங்கே வைத்தாலும் இடம் மிஞ்சும். என்னையறியாமல் குரலைத் தணித்துக்கொண்டேன்.

சுற்றிக் காட்டிய இளைஞன் ஒரு கிளாஸில் கொஞ்சம் ஊற்றி முதலில் என்னிடம் தந்தான். இருவருக்கும் சேர்த்துத்தான் அந்த ஒரு கிளாஸ் என்று நினைத்தேன். எச்சில்படக்கூடாது என்று அண்ணாந்து, உதட்டில் படாமல் வாய்க்குள் ஊற்றினேன். நுரை முழுவதும் மூக்கில் ஏறியது. நான் இருமி, தும்மி, கோட்டெல்லாம் நனைத்துக்கொண்டு நிற்க, அந்த இளைஞன் துடைக்கத் துணி தேடி ஓடினான். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஆளுக்கொரு கிளாஸ் தருவினம். வாய் வைச்சே குடியும். முதல் மணந்து பாரும்" என்று தன் கிளாஸை எடுத்தார். மூக்கருகே கொண்டுபோய் மணந்தார். ஒரு வாய் எடுத்து வாய்க்குள்ளேயே உருட்டி, பக்கத்தில் இருந்த வாளிக்குள் துப்பினார்.

"பிடிக்கேல்லையோ?"

"நல்ல சாமான். வெறி ஏறினால் அடுத்ததை ருசிக்கேலாது."

மூன்றாவது கிளாஸுக்குப் பிறகு அந்த இளைஞனிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். எந்த வருடத்துத் திராட்சை என்றும், அந்த வருடம் மழை அதிகம் என்றும் சொன்னது எனக்கு விளங்கியது. இளைஞன் போத்தலைத் திருப்பிப் பார்த்தான். பிறகு இவரைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினான்.

மதியம் அந்த உணவகத்துக்குப் போனோம். சலவை மடிப்புக் கலையாத வெள்ளை விரிப்பு, ஓர் ஆளுக்கு நான்கு கிளாஸ். முழங்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் விறைத்துப்போய் இருந்தேன். ஒரு துண்டு மீன் வந்தது, மேலே வெண்ணெய் நிறத்தில் சோஸ். ஒரு கரண்டி வாயில் வைத்தேன். எனக்கு அழுகை வரும் போலிருந்தது. புளிப்பு முதலில் வந்து மெல்ல விலக, பின்னால் இனிப்பும் கடலும் வந்தன. சாப்பாடு இப்படியும் இருக்கலாம் என்று நாற்பத்தாறு வயது வரைக்கும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

"இந்தச் சோஸைத்தான் நான் பாரிஸிலை செய்யிறனான். பதினெட்டு வருசமா" என்றார் இவர்.

அதை விழுங்கி முடிப்பதற்குள் குசினிக் கதவு திறந்து, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண் வந்தாள். உணவகத்தின் சொந்தக்காரி, செஃப் லெத்திசியா. முன்பு பாரிஸில் இவரோடு ஒரே அடுப்பில் வேலை செய்தவளாம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இவர் முன்னால் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. சும்மா நின்றாள். இவர் இன்னொரு கரண்டி எடுத்துக் கண்ணை மூடினார்.

"அடுப்பிலிருந்து இறக்க அரை நிமிடம் பிந்திவிட்டது" என்றார் பிரெஞ்சில்.

அவள் தலையை ஆட்டினாள். "தெரியும். வேறு யாருக்கும் தெரியாது" என்றாள். என்னிடம் திரும்பி, "மதாம், இப்படியொரு நாக்கை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் என் புருஷனைப் பார்த்தேன். குளிருக்கு வெடித்த கை, நான் வாங்கிக் கொடுத்த மலிவுச் சட்டை. இந்த மனுஷனையா சட்டி கழுவுகிறவர் என்று நினைத்தேன்? பெருமை தாங்கவில்லை. அடுத்த நிமிடமே வெட்கம் வந்தது, அதன் பின்னால் வழக்கம் போலக் கோபமும்.

"இந்த நாக்கை வைச்சுக்கொண்டோ இருபது வருசமா என்ரை கறியைச் சாப்பிட்டு நல்லாயிருக்கு எண்டு பொய் சொன்னனீங்கள்?"

"பொய் சொல்லேல்லை."

"என்ரை சமையல்லை ஒரு பிழையும் தெரியேல்லையோ?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "எல்லாம் தெரியும். கடையிலை ஆரோடையும் சண்டை கொளுவினால், அண்டைக்கு வெந்தயம் கருகியிருக்கும். மகளுக்குச் சோதினை எண்டால் புளி கூடும்." தட்டை மெல்லத் தள்ளி வைத்தார். "ரெண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, மே மாசம் பாதியிலை இருந்து ஜூன் முடியுமட்டும் உம்மட கறியிலை உப்பே இல்லை."

அந்த மே மாதம்தான் என் தம்பி முள்ளிவாய்க்காலில் இல்லாமல் போனான். அழுதால் பிள்ளை பயந்துவிடும் என்று நான் வீட்டில் அழவில்லை. சமைத்தேன், கடைக்குப் போனேன், வந்தேன். யாருக்கும் தெரியாது என்றுதான் இன்றுவரை நினைத்திருந்தேன்.

"ஏன் அப்ப சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் உப்புப் போடுவீர். வேறை என்ன நடக்கும்?" என்றார். "பிள்ளை சாப்பிடமாட்டன் எண்டு அழுவாள். உமக்குத் தெரியாமல் அவளின்ரை சோத்திலை கொஞ்சம் உப்புத் தூவிக் குழைச்சுக் குடுத்தனான்."

"உங்கட சோத்திலை?"

"எனக்குப் போடேல்லை. நீரும் அப்பிடித்தானே சாப்பிட்டனீர்."

வெள்ளை விரிப்பு, நான்கு கிளாஸ், பக்கத்து மேசையில் பிரெஞ்சுக்காரர். நான் ஒன்றையும் பார்க்கவில்லை. பதினாறு வருடம் வைத்திருந்த அழுகையை அந்த மேசையிலேயே அழுது தீர்த்தேன். அவர் தன் துவாலையை நீட்டினார்.

இனிப்புத் தட்டோடு வந்த லெத்திசியா என் முகத்தைக் கண்டு திகைத்து நின்றாள். சாப்பாட்டில் ஏதும் குறையா என்று கேட்டாள். இல்லை என்றேன். பிறகு எனக்குத் தெரிந்த கடைப் பிரெஞ்சில், என் கணவர் எந்தத் திகதியில் வேலை தொடங்க வேண்டும் என்று கேட்டேன்.

இவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப லாச்சப்பல்?"

"ரயில் இருக்குத்தானே" என்றேன்.