சங்கிலியில் சிவப்பு நூல்

கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் வண்டி பழுதுபார்த்து வந்த ஏசுஅடிமை, அந்தச் சனிக்கிழமையும் சங்கிலிக் கண்ணிகளுக்கிடையே ஒரு சிவப்பு நூலைக் கண்டான். இது ஐந்தாவது வாரம்.

மோட்டார் சைக்கிள் ராஜமணியுடையது. புதுக்கடை என்ற ஊரில் கருவாட்டு வியாபாரி. யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்த வண்டி. ஐம்பத்திரண்டாம் வருஷம் ஈஸ்டர் கழிந்த எட்டாம் நாள், அதன் பின்னால் உட்கார்ந்து போன அவன் மனைவி ரீத்தாவின் சேலை முந்தி சங்கிலியில் சுற்றிக்கொண்டது. ரோட்டில் விழுந்தவள் எழவில்லை. சேலையை ஒதுக்கிப் பிடிக்கத் தெரியாதவள் என்று ஊர் பேசியது. ராஜமணி மறுக்கவில்லை.

மறுத்திருக்க வேண்டிய இன்னொருவன் ஏசுஅடிமை. முந்தின நாள்தான் சங்கிலியின் மூடியில் விரிசல் கண்டு கழற்றினான். நாகர்கோவிலுக்கு அனுப்பிப் பற்றவைத்துத் தருகிறேன் என்று சொல்லி, மூடி இல்லாமலே வண்டியை ராஜமணியிடம் கொடுத்துவிட்டான்.

அடக்கம் கழிந்து ஒரு மாதத்தில் ராஜமணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். "சங்கிலியக் கழுவி கிரீஸ் போடும் ஓய்."

அன்று கிடைத்த நூல் அங்கே இருக்க வேண்டியதுதான். ஏசுஅடிமை ஊசியால் நெம்பி எடுத்தான். சங்கிலியை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்தான். துடைத்து, வெயிலில் காயவைத்து, உருக்கிய கிரீஸில் முக்கினான். குமிழி அடங்கும்வரை காத்திருந்து எடுத்து மாட்டினான்.

அடுத்த சனிக்கிழமை ராஜமணி மறுபடியும் வந்தான். அவன் இப்போது வண்டியை ஓட்டுவதில்லை. தள்ளியே வருவான், தள்ளியே போவான். ஓடாத வண்டியில் அழுக்கு ஏது? ஆனால் நூல் இருந்தது. அடுத்த வாரமும் இருந்தது. ஏசுஅடிமைக்குச் சோறு இறங்கவில்லை. நாலாவது வாரம் கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து சங்கிலியில் தெளித்துப் பார்த்தான்.

ஐந்தாவது வாரம் நூலைத் தொட்டதும் சங்கிலியைக் கீழே போட்டான்.

"அண்ணே, நான் கழுவித்தான் விடுகேன். மாதாவாணை. அவ என்னை விடமாட்டேங்கா" என்று அழுதான். "மூடியக் கழத்தினது நான்தானே!"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராஜமணி, மடியிலிருந்து கிழிந்த சிவப்புச் சேலைத் துண்டொன்றை எடுத்துக் காட்டினான்.

"அவ இல்ல ஓய். நான்தான் வைக்கியேன். நீரு ஒரு நாளாவது வாயத் தொறப்பீரான்னு பாத்தேன்."

"அப்பம் என்னை அடியும்."

"உம்மை அடிச்சா, பின்னே என்னை யாரு அடிப்பா? ஏறும்போ அவ கேட்டா, மூடி எங்கேன்னு. ஒரு நாளைக்குத்தானேட்டி, ஏறுன்னேன். அதை நான் அவளுக்க அம்மைகிட்டகூடச் சொல்லல்ல."

ஏசுஅடிமை சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டான். வண்டியை அப்படியே விட்டுவிட்டு, ரீத்தா பிறந்த கடற்கரை ஊரான இனயத்துக்கு நடந்தார்கள்.

ரீத்தாவின் அம்மா வியாகுலம்மாள் முற்றத்தில் கருவாடு பிரித்துக்கொண்டிருந்தாள். முதலில் ராஜமணி சொன்னான், பிறகு ஏசுஅடிமை. முடியும்வரை அவள் தலை தூக்கவில்லை.

"தினமும் சொப்பனத்துல வாறா" என்றாள். "உனக்குச் சேலை உடுக்கத் தெரியாதாட்டி சவமேன்னு ஏசுவேன். ஒண்ணும் சொல்லாம நிப்பா. ரெண்டு மாசமா நான் எனக்க பிள்ளைய ஏசிட்டு இருந்திருக்கேன்."

அவள் கையைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"எனக்ககிட்டச் சொன்னாப் போதாது. கோயில் முற்றத்துல வந்து சொல்லுங்க."

மறுநாள் பூசை முடிந்ததும் கூட்டத்தின் முன்னால் நின்று இருவரும் சொன்னார்கள். ஒருவரும் ஏசவில்லை, விலகிப் போனார்கள். அதன்பின் கடற்கரை ஊர்களிலிருந்து வெகுகாலம் யாரும் ஏசுஅடிமையிடம் வண்டி கொண்டுவரவில்லை.

ராஜமணி மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியாரைப் பார்க்கப் போவான், நடந்தே. ஒருநாள் வியாகுலம்மாள் அவனிடம் சொன்னாள்: "இப்பம் அவ சொப்பனத்துல வாறதில்ல மக்கா." அதைச் சொல்லிவிட்டு நிறுத்தாமல் அழுதாள்.