பழுது சொல்லி விற்கும் கடை

பீங்கான் கடைக்குள் நுழையும்போதே நெட்டையன் நிலையில் தலையை இடித்துக்கொண்டான். இடித்த இடிக்கு அலமாரியிலிருந்த கோப்பைகளெல்லாம் ஒருமுறை சிலிர்த்து அடங்கின. கல்லாவில் இருந்த முதலாளியம்மா முதலில் நிலையைப் பார்த்தார், பிறகு கோப்பைகளைப் பார்த்தார், கடைசியாகத்தான் இவனைப் பார்த்தார். வியாபாரிக்கு எது முதல், எது கடைசி என்று ஒரு வரிசை உண்டு.

"ஆள் வேணும்னு வெளியில எழுதியிருந்துச்சு..."

"ஆள்தான் கேட்டேன். ஏணி கேக்கலையே?"

அவன் சிரித்தான். சிரிப்பு அடங்குமுன்பே, ஆறினால் சொல்ல வராது என்று, அதையும் சொல்லிவிட்டான். "அம்மா, முன்னாடியே சொல்லிடறேன். நான் ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தவன்."

முன்பெல்லாம் அவன் இப்படி எடுத்த எடுப்பிலேயே சொல்பவன் அல்ல. ஒரு காலத்தில் மின்விசிறிக் கிடங்கு ஒன்றில் காவலாளியாக இருந்தவன், மேனேஜரோடு சேர்ந்துகொண்டு சரக்கைப் பின்வாசல் வழியாக லாரி ஏற்றிவிட்டான். யோசனை மேனேஜருடையது, தோள் இவனுடையது. சட்டம் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தது. அதில் இவனுக்கு வருத்தமில்லை, செய்தது செய்ததுதான். வெளியே வந்த பிறகுதான் ஆட்டமே தொடங்கியது. உண்மையைச் சொன்ன இடங்களில் தண்ணீர் கொடுத்து, "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். இன்றுவரை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். சொல்லாமல் சேர்ந்த பிஸ்கட் கம்பெனியில் "உன்னை மாதிரி ஒருத்தன் கிடைக்கணுமே" என்று முதுகில் தட்டிய அதிகாரி, போலீஸ் விசாரணைத் தாள் வந்த மறுநாள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு கணக்கை முடித்தார். வீட்டில் தையல் மிஷினை மிதித்துக் குடும்பத்தை இழுத்துக்கொண்டிருந்த மனைவிதான் இந்தக் கடையைக் காட்டிக்கொடுத்தாள். "அது பழுது சரக்கு விக்கிற கடைங்க. போய்ப் பாருங்க, உங்களுக்குப் பொருத்தமா இருக்கும்." ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள். சிரிக்கவுமில்லை, அழவுமில்லை.

அவள் சொன்னது சரிதான். தொழிற்சாலை கழித்துக்கட்டிய பீங்கான்தான் அங்கே சரக்கு. கோணல் பிடி, மங்கிய கரை, மூடியோடு ஒத்துப்போகாத குடுவை. ஆனால் முதலாளியம்மாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. வாங்குபவர் கண்ணில் படுவதற்குள் பழுதைக் கடைக்காரனே சொல்லிவிட வேண்டும். "நாம சொன்னா அது பழுது. அவன் கண்டுபிடிச்சா அது ஏமாத்து" என்பார்.

அப்படிப்பட்டவரிடமே ஒருவன் வந்து தன் பழுதைச் சொல்கிறான். அம்மா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார்.

"சின்னக் கீறலை முன்னாடி காட்டுறவன் பின்னாடி பெரிய விரிசலை மறைப்பான். எங்க, திரும்பு."

அவன் நிஜமாகவே திரும்பி நின்றான்.

"வேற என்ன இருக்கு?"

"குறட்டை விடுவேம்மா."

"அது உன் பொண்டாட்டி பாடு. இங்க பாரு, கடையில நின்னு வியாபாரம் பண்ணு. கல்லாப் பக்கம் வேண்டாம். கிடங்கு வாசப்படியைத் தாண்டவே கூடாது. மாசக் கடைசிவரைக்கும் பாப்பேன். சரிப்பட்டா நிரந்தரம், இல்லேன்னா உன் வழி உனக்கு."

"வாசப்படிவரைக்கும் வரலாமாம்மா?"

"வாசப்படிக்கு இந்தப் பக்கம்."

"பரவாயில்லம்மா, எனக்குக் கை நீளம். இந்தப் பக்கம் நின்னே எடுத்துடுவேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டான். அம்மா அவனை உற்றுப் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "நாளைக்குக் காலையில வா. குனிஞ்சு வா."

கிடங்குக்கு அம்மாவின் மருமகன் பொறுப்பு. வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நெட்டையன் இந்தப் பக்கம் நின்று, பிள்ளையை வாங்குவதுபோல இரண்டு கையையும் நீட்டிச் சரக்கை வாங்கிக்கொள்வான். அவன் நகர்ந்ததும் மருமகன் உள்ளே எட்டிப் பார்த்து ஒருமுறை எண்ணிக்கொள்வார். நெட்டையன் காணாததுபோலப் போய்விடுவான். கடையில் அவன் வியாபாரமோ கொடிகட்டிப் பறந்தது. "இந்தக் கோப்பைக்குப் பிடி கோணல்க்கா. இடதுகைக்காரங்க யாராச்சும் வீட்ல இருந்தா அவங்களுக்கு இது நேரா இருக்கும்" என்பான். சிரித்தவர்கள் வாங்காமல் போனதில்லை.

மாதம் முடிய இருந்த நேரத்தில் மருமகனுக்குப் பல்வலி வந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டோடு கிடந்தார். பார்த்து அன்றைக்குத்தான் புதிதாகச் சாப்பாட்டுக்கடை திறக்கப்போகும் ஒருவர் வந்து சேர்ந்தார். மொத்தமாகத் தட்டு வேண்டுமாம். பேரம் என்றால் அப்படியொரு பேரம். அவர் விலையைக் கேட்டு நெஞ்சில் கை வைத்தார், அம்மா அவர் கேட்ட விலையைக் கேட்டு நெற்றியில் கை வைத்தார். அவர் ஒருமுறை படியிறங்கினார், அம்மா விட்டுவிட்டார், அவரே திரும்பி வந்தார். இரண்டாம் முறை இறங்கினார். இந்தத் தடவை திரும்புவாரா என்று கணிக்க அம்மாவாலும் முடியவில்லை. பேரச் சூட்டில் வியாபாரிக்குத் தன் பெயரே மறந்துபோகும். ஆளின் காலையே பார்த்தபடி, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவிப் பின்பக்கம் வீசினார்.

"நெட்டை! உள்ள போய் நீலக்கரைத் தட்டு மொத்தத்தையும் கொண்டா. சார் கண்ணால பாக்கட்டும்!"

அவன் பிடித்துவிட்டான். சாவி கைக்குள் சூடாக இருந்தது. 'அம்மா, எனக்கு அங்கே அனுமதி இல்லையே' என்று வாங்க வந்தவர் எதிரில் எப்படிச் சொல்வது? அவர் ஏன் என்று கேட்பார். போகாமல் நின்றால் வியாபாரம் படியிறங்கிவிடும். போனால், நாளைக்கு மருமகன் எண்ணும்போது ஒரு மூடி குறைந்தாலும் யார் தலை உருளும்?

போனான். கதவை அகலத் திறந்து வைத்தான். வாழ்க்கையில் முதல்முறையாக, சாட்சிக்கு ஆள் இல்லையே என்று பயந்தான். பிறகு ஒரு தட்டை எடுத்து விரல்முட்டியால் சுண்டினான். ணங். "இது கரை மங்கல்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். அடுத்தது. ணங். "ஒரு புள்ளி!" ணங். "இது லேசாக் கோணல்!" தன் கை எங்கே இருக்கிறது என்று அம்மாவின் காதுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"என்னம்மா, உள்ள கச்சேரி நடக்குதா?" என்றார் சாப்பாட்டுக்கடைக்காரர்.

அம்மாவிடமிருந்து பதில் வரவில்லை. பேரத்தின் நடுவில் அவர் வாய் ஓய்ந்து இவன் கேட்டதே கிடையாது. தான் போட்ட வாசப்படிச் சட்டம் அம்மாவுக்கு நினைவு வந்துவிட்டது என்று புரிந்தது. தட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான். நாற்காலி நகரும், செருப்புச் சத்தம் இந்தப் பக்கம் வரும், சாவி கைமாறும். எத்தனை இடத்தில் பார்த்தாயிற்று.

நாற்காலி நகரவில்லை.

"நெட்டை!" குரல் மட்டும் வந்தது. "சத்தம் போதும்ப்பா. பொறுமையா, நிதானமா எடுத்துட்டு வா." அதே மூச்சில் அந்தப் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க சார், அந்த விலைக்கு நான் மண்ணைக்கூட குழைக்க முடியாது" என்று விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டார்.

காற்றுக்குக் கதவு தானாக நகர்ந்து பாதி சாத்திக்கொண்டது. அவன் போய்த் திறக்கவில்லை. நீண்ட காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தான். மேல்சன்னலிலிருந்து விழுந்த வெயிலில் நீலக் கரைகள் அடுக்கடுக்காக மினுங்கின. ஒவ்வொன்றாக எடுத்து, ஊதி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டிருந்தான். பீங்கான்மேல் பீங்கான் உட்காரும் சின்ன மூச்சொலி மட்டுமே உள்ளே இருந்தது.