பாதி வெள்ளரித் துண்டு

நாய்க்குச் சிறுநீரகக் கோளாறு. உப்பு பிஸ்கட் கூடவே கூடாது, வேணும்னா வெள்ளரித் துண்டு கொடுங்க என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். அவள் கணவர்தான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சாகும்வரை, பிஸ்கட்டைத் தான் பாதி கடித்து, மீதியை மேசைக்கடியில் நீட்டிக்கொண்டிருந்தார்.

அவர் போனதும் பிஸ்கட் டப்பாவைத் தூக்கி எறிந்தாள். அவள் கொடுத்த வெள்ளரியை நாய் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இன்று வெள்ளரித் தட்டை மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள். வீட்டில் வேறு யாருமில்லை. திரும்பி வந்தால், அவருடைய காலி நாற்காலியடியில் நாய் வாலைக் குழைத்துக்கொண்டு நின்றது. அதன் வாயில் பாதி வெள்ளரித் துண்டு; ஓரத்தில் மனிதப் பல்தடம்.

கொண்டுவந்த தண்ணீரை மேசையில் வைத்தாள்.

"உயிரோட இருந்தப்ப என் பேச்சைக் கேட்டிருந்தா என்னவாம்?" என்றாள், நாற்காலியைப் பார்த்து.