பின்பக்கம் பார்த்த தகடு

மீஞ்சூரில் ரயில் ஏறியதும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அந்த அபூர்வத்தைக் கொண்டாடுவதற்குள் மோனிகாவுக்கு நேற்று மாலை கம்ப்யூட்டர் திரையில் வந்த சின்னப் பெட்டி ஞாபகம் வந்துவிட்டது. 'முன்பக்கத்தை மாற்றினால் வரைபடங்களில் உள்ள காட்சிகளும் மாறும். மாற்றலாமா?' என்று அது மரியாதையாகத்தான் கேட்டது. இவளும் 'ஆம்' என்று அழுத்திவிட்டாள். அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பம்புகளுக்கு அடித்தகடு செய்யும் சின்னக் கம்பெனி அது. அங்கே கம்ப்யூட்டரில் வரைபடம் போடுவது இவள் வேலை. வெல்டிங் பிரிவில் தகட்டைக் கவிழ்த்தாற்போல ஒரு படம் கேட்டார்கள். அதற்கென்று தனியாக ஒரு கோணத்தைச் சேமித்திருந்தால் பழைய வரைபடம் தன் பாட்டுக்குக் கிடந்திருக்கும். அவசரத்தில் இவள் தகட்டையே திருப்பி, இனி இதுதான் முன்பக்கம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டாள். முடித்து வைத்திருந்த துளை வரைபடமும் கூடவே திரும்பியிருக்கும். அதை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் பிரிண்ட் எடுத்து, டிரில்லிங் மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டு ஆறு மணி வண்டிக்கு ஓடியிருந்தாள்.

சதுரத் தகடு, முன்பக்கம் மட்டும் நடுவில் ஒரு வட்டப் பள்ளம். நான்கு மூலையிலும் ஒரே மாதிரி துளைகள். ஐந்தாவதாக ஒரு எண்ணெய்த் துளை மட்டும் இடது ஓரத்தில் வரும். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் அது வலது ஓரம். மொத்தம் நாற்பது தகடு, முதல் ஷிஃப்ட் காலை ஆறு மணிக்கே தொடங்கியிருக்கும்.

பொன்னேரி தாண்டுவதற்குள் டிரில்லிங் பாக்கியராஜுக்கு ஏழு தடவை போன் அடித்தாள். ஷிஃப்டில் போன் லாக்கரில்தான் இருக்கும் என்று தெரிந்தும் அடித்தாள். மேனேஜர் வீரராகவனின் பெயர்வரை போய் விரலை எடுத்துக்கொண்டாள். இந்த மாதக் கடைசியில்தான் அவளுக்கு வேலை நிரந்தரம் ஆக வேண்டும். "இன்னொரு தப்பு வந்தா வேற எடம் பாத்துக்கமா" என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். நடவுக்கும் செங்கல் சூளைக்கும் போன குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் முதல் ஆள் அவள். அந்த நாற்காலி இப்போது ஆடிக்கொண்டிருந்தது.

கவரைப்பேட்டையில் வண்டி சிக்னலுக்கு நின்றபோது அந்த யோசனை வந்தது. நேராக மாடியிலிருக்கும் தன் கம்ப்யூட்டருக்குப் போய்த் தகட்டைப் பழையபடி திருப்பினால் வரைபடமும் திரும்பிவிடும். புதுத்தாள் எடுத்து, கீழே இருக்கும் தாளை மாற்றிவிட்டால், தப்பு துளை போட்டவர் தலையில் விழும். பாக்கியராஜ் கான்ட்ராக்ட் ஆள், வேறு கம்பெனி கிடைக்காமலா போய்விடும்? இப்படி நினைத்ததற்குத் தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் புதுத்தாளில் விழும் தேதி நேற்றையதா இன்றையதா என்று மனசு ஒரு பக்கம் யோசித்துக்கொண்டே வந்தது.

யோசித்தபடியே மாடிக்குப் போய்ப் புதுத்தாளும் எடுத்துவிட்டாள். எட்டரை மணிக்கு, சூடு ஆறாத தாளை நான்காக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு டிரில்லிங் பிரிவுக்கு இறங்கினாள்.

"அண்ணா, நிறுத்துங்க. எத்தினி போட்டீங்க?"

"பதினெட்டு ஆச்சுமா." பாக்கியராஜ் மெஷினை அணைத்தார். "இன்னா, இப்டி மூச்சு வாங்கிக்கினு வர்ற?"

"துள எடம் மாறியிருக்குண்ணா. உங்களுக்கு டவுட்டே வரலியா?"

"வந்துச்சே. நடுவுல இந்த வட்டம் எப்பவும் முழுக்கோடா இருக்கும், இன்னிக்குப் புள்ளி புள்ளியா கீது. ஆனா போன மாசம் நீதான சொன்ன? டிராயிங்ல இன்னா கீதோ அத்தப் போடுங்க, நீங்களா யோசிக்காதீங்கன்னு. அதான் தகட்ட எப்பவும் போல வெச்சுப் போட்டுட்டேன்."

பின்னால் மறைந்திருப்பதைத்தான் வரைபடத்தில் புள்ளிக்கோடாகக் காட்டுவார்கள். அவர் குத்திக்காட்டவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார். அவ்வளவுதான். பத்துப் பேர் முன்னால் அப்படிச் சொன்னது மோனிகாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கையிலிருந்த தாளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குள் வீரராகவன் வந்துவிட்டார். அடுக்கிலிருந்து ஒரு தகட்டைத் தூக்கிப் பார்த்தவர், அடுத்ததையும் தூக்கினார்.

"யோவ் பாக்கியராஜ், துளய எங்கய்யா போட்டு வெச்சிருக்க?"

பதிலுக்கு அவர் நிற்கவில்லை. அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். கெட்டுப்போன பீஸில், கெடுத்தவரே சிவப்புப் பெயிண்டில் தன் பெயரை எழுதி வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்க வேண்டும். ஒரு வாரம் உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். இதுவரை அங்கே நின்ற பெயர்களெல்லாம் மெஷின் ஆட்களுடையவை. மாடியில் உட்காருகிறவர்கள் ஒருவர்கூட எழுதியதில்லை.

வீரராகவன் பெயிண்ட் டப்பாவைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். பாக்கியராஜ் வரைபடத்தை எடுத்து நீட்டவில்லை. மோனிகாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிரஷ்ஷைத் தோய்த்து 'பா' என்று எழுதினார்.

"அண்ணா, பிரஷ்ஷ குடுங்க."

தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. பயம் கொஞ்சமும் குறையவில்லை.

"உனக்கு இங்க இன்னாமா வேல?" என்றார் வீரராகவன்.

மோனிகா அவர் பக்கம் திரும்பாமல் தரையில் உட்கார்ந்தாள். துப்பட்டா எண்ணெயில் புரண்டது. 'பா'வைத் துடைக்கத் துணி தேடினாள். கிடைக்கவில்லை. கையிலிருந்த புதுத்தாளைப் பிரித்துத் துடைத்தாள். சிவப்பு தகடெங்கும் இழுபட்டுப் பரவியது. அந்த ஈரத்தின் மேலேயே அவள் 'மோ' என்று எழுதத் தொடங்கினாள். வலது ஓரத் துளையின் வழியாகப் பெயிண்ட் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.