இரும்பில்லாத கொட்டகை

1986இல், கணவர் யோகநாதனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாளே குணேஸ்வரி பல்கலைக்கழக வேலைக்குத் திரும்பினாள். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் எல்லாம் அழச் சொன்னார்கள். அழுகை வரவில்லை. திறந்ததும் கொட்டுவதற்கு அவள் என்ன பைப்பா?

மேசையில் வேறொரு தொல்லை காத்திருந்தது. அவர் இறந்த வாரம்தான் அவர்களுடைய கருவிகளைச் சுமந்த ஆய்வு ராக்கெட் வெளிநாட்டுக் கடற்கரை ஒன்றிலிருந்து பறந்து கடலில் விழுந்திருந்தது. அது எந்தப் பக்கம் பார்த்தபடி பறந்தது என்று சொல்ல இரண்டு உணரிகள். ஒன்று சூரியனைப் பார்ப்பது, மற்றது பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானி. இரண்டும் ஒத்துப்போகவில்லை. திசை தெரியாவிட்டால் மற்றக் கருவிகள் அளந்ததெல்லாம் குப்பை. மூன்று வருட உழைப்பு.

"சூரியன் பொய் சொல்லாது அக்கா. காந்தமானியிலதான் கோளாறு," என்றான் கூட வேலை செய்யும் ராதாகிருஷ்ணன். "ராக்கெட்ல ஏத்துறதுக்கு முன்னாடி அதோட சேர்த்து டெஸ்ட் பண்ண ஸ்பேர் காந்தமானி இருக்கு. பந்திங் போய் மறுபடியும் பார்ப்போம் லா."

பந்திங்கில் செம்பனை மரங்களுக்கு நடுவே இருந்தது சோதனைக் கொட்டகை. இரும்பு கிட்ட வந்தாலே காந்தமானி பிசகும் என்பதால் அங்கே ஆணிகூடப் பித்தளை. கடிகாரம், பெல்ட், சாவி எல்லாம் வாசலோடு சரி. அன்றும் அப்படித்தான் உள்ளே போனார்கள், இன்றும் அப்படித்தான். ஆனாலும் அன்றைய எண்களோடு இன்றைய எண்கள் சேரவில்லை.

"அன்னைக்கி என்ன இருந்துச்சு, இன்னைக்கி என்ன இல்ல?" ராதாகிருஷ்ணன் தலையைச் சொறிந்தான்.

கருவிமேல் குனிந்து அதைத் திருப்பி வைப்பவள் அவள்தான். கை தானாகக் கழுத்துக்குப் போனது. வெறும் கழுத்து. கல்யாணமான பெண்ணிடம் தாலியைக் கழற்று என்று யார் சொல்வார்கள்? தங்கத்தால் காந்தமானிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தாலிக்கொடியில், அவசரத்துக்கு உதவும் என்று, நாலைந்து இரும்பு ஊக்குகள் கோத்திருந்தாள்.

அடுத்த நாள் அலமாரியிலிருந்து கொடியை எடுத்து வந்தாள். ஊக்குகள் அப்படியே தொங்கின. ராதாகிருஷ்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் அதைப் போட்டுக்கொண்டு, அன்று போலவே குனிந்தாள்.

"அன்னைக்கி வந்த அதே நம்பர்தான் அக்கா. டேட்டா பிழைச்சிடுச்சு." கொஞ்சம் தயங்கினான். "இப்ப அது இல்லாம ஒன்னு எடுக்கணும். ஒரே நாள்ல ரெண்டும் இருந்தாத்தான் ஊக்கு பண்ண கோளாறைக் கழிக்க முடியும்."

செத்தவீட்டில் யாரோ பின்னாலிருந்து கழற்றினார்கள். அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இப்போது கொக்கியை அவளேதான் கழற்றவேண்டும்.

"கொஞ்சம் பொறு, கிருஷ்ணன்," என்றாள். அழுகை அப்போதுதான் வந்தது.