மூன்றாவது வரைவில் அண்ணன்

என் மனைவி நாவல் எழுதுகிறவள். நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். அவள் வேலையில் நான் தலையிடுவதில்லை. ஆனால் இந்த நாவலில் மட்டும் வலியப் போய் மூக்கை நுழைத்தேன். என் அண்ணனைப் போல ஒருவன் அதில் வருகிறான் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

அண்ணனும் நானும் பேசி ஆறு வருடம் ஆகிறது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினேழு நாளில் அவன் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு வந்து ஓரமாக நின்றான். அன்றைக்கு விட்டதுதான் பேச்சு. அதனால் ஒரு மாதம் தேநீர்க் கோப்பையும் கையுமாக அவள் எதிரில் உட்கார்ந்து, அவனைப் பற்றி வயிற்றெரிச்சலை எல்லாம் கொட்டித் தீர்த்தேன்.

முதல் வரைவைப் படித்தபோது எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆளை நார்நாராகக் கிழித்திருந்தாள்.

"அச்சு அசல் அவனேதான்!" என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது. "உங்களுக்கு இவ்வளவு பிடிச்சிருக்குன்னா, நான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன்."

இருநூற்றுப் பத்துப் பக்கத்தையும் அலமாரிக்குள் தள்ளிவிட்டு, மறுநாள் காலை ஒரு புது நோட்டை எடுத்தாள். கதையில் வருகிற ஒவ்வொருவருக்கும் தனி நோட்டு போடுவாள். அதில் எழுதுவதில் முக்கால்வாசி நாவலுக்குள் வராது. வராவிட்டாலும் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

"உங்க அண்ணன் ஒரு வீட்டுக்குள்ள வந்ததும் எங்க உக்காருவாரு?"

"அவனா? அம்மாவைப் பாக்கவே வராதவன்."

"தனியா இருக்கும்போது ஏதாவது முணுமுணுப்பாரா?"

"பெத்தவளை எட்டிப் பாக்காதவன் முணுமுணுத்தா என்ன, முணுமுணுக்காட்டி என்ன?"

அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னையே பார்த்தாள். எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடம் ஒரே அறையில் படுத்து எழுந்த மனிதனைப் பற்றி எனக்கு ஒரே ஒரு புகார்தான் தெரிந்திருந்தது.

இரண்டாவது வரைவில் அவனை நல்லவனாக்கிப் பார்த்தாள். அதையும் அவளே தூக்கிப் போட்டாள். "வில்லனை இறக்கிட்டு சாமியாரை ஏத்திட்டேங்க," என்று சலித்துக்கொண்டாள்.

பிறகு அவன் ஏன் வரவில்லை என்ற அந்த ஓர் இடத்தை மட்டும் பதினோரு விதமாக எழுதினாள். ஒருவன் வெளியே சொல்ல வெட்கப்படுகிற காரணம் கிடைக்கும்வரை அவனை நகர விடமாட்டாள். ஒருநாள் படுக்கையறைக் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி, திறக்காமல் பத்து நிமிடம் நின்றாள். கை பிடித்துக்கொண்டதோ என்று பயந்து ஓடினேன். "இருங்க, அவரு உள்ள போகலாமான்னு யோசிக்கிறாரு," என்றாள். லிஃப்ட் கயிற்றை நான் இழை இழையாகத் தடவிப் பார்ப்பேன். மனிதர்கள் ஏறுகிற பெட்டி அது. இல்லாத ஒரு மனிதனுக்காக இவள் அதே பாடு படுகிறாள். எனக்கு அவள்மேல் அப்படி ஒரு மரியாதை வந்தது.

மூன்றாவது வரைவை ஒரு விடுமுறை நாள் மதியம் பால்கனியில் உட்கார்ந்து படித்தேன். அதில் அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வருகிறான். அம்மாவுக்குப் புதுச் செருப்பு வாங்கி வருகிறான். வார்டு கதவின் கண்ணாடி வழியாக, போர்வைக்கு வெளியே வீங்கிக் கிடக்கிற அம்மாவின் பாதங்கள் தெரிகின்றன. கைப்பிடியில் வைத்த கையை எடுத்துவிட்டு, செருப்பைப் பெஞ்சில் வைத்து, படியிறங்கிப் போய்விடுகிறான். நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

"அவன்கிட்ட பேசினியா?"

"இல்லியே. எல்லாம் கற்பனைதான்."

"அப்ப அந்தச் செருப்பு?"

"வெறுங்கையோட வந்தா அவரு உள்ள போயிடுறாருங்க. கையில அதைக் குடுத்த பிறகுதான் திரும்பிப் போனாரு."

என்னால் பொறுக்க முடியவில்லை. போனை எடுத்து நேராகக் கேட்டுவிட்டேன். "அண்ணா, அம்மாவுக்குச் செருப்பு வாங்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தியா நீ?"



"செருப்பா? இல்லடா. நான் வரவே இல்ல. பயந்துட்டேன்."

ஆறு வருடத்துக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். இப்போது கோபம் வரவில்லை. அந்தக் கதவுக்கு வெளியே அவனோடு நானும் ஒருமுறை நின்றுவிட்டேன் அல்லவா? அவன் அழுது முடிக்கும்வரை போனை வைக்காமல் இருந்தேன்.

உள்ளே வந்து அவளிடம் சொன்னேன். "நீ எழுதினது தப்பு. அண்ணன் வரவே இல்லியாம். பயந்துட்டாராம்."

அதற்குள் பென்சில் அவள் கைக்கு வந்துவிட்டது. நோட்டும் திறந்துவிட்டது.

"பயமா? என்ன பயம்? கேட்டீங்களா?"

"இல்ல. ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கேன்."

"அப்ப நான் கேட்டுக்கிறேன்."

"நோட்டை எடுத்து உள்ள வை," என்றேன். "முதல்ல நான் கேக்கணும்."