டாக்டர் மதிவதனியின் லீவு லெட்டர்

டாக்டர் மதிவதனி முத்துச்செல்வியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். கண் நல்ல மஞ்சள். காலையிலிருந்து குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லையாம். கம்பெனிப் பெண்கள் தங்கும் அதே ஹாஸ்டல், அதே லாரித் தண்ணீர். அங்கிருந்து வருகிறவர்களில் இவள் எத்தனையாவது பெண் என்று எண்ணுவதையே டாக்டர் விட்டுவிட்டார். லெட்டர்பேடை முன்னால் இழுத்தார்.

"லீவு லெட்டர் எழுதாதிய டாக்டர்" என்றாள் முத்துச்செல்வி. "ஊசி மட்டும் போடுங்க. செகண்ட் ஷிப்டுக்குப் போயிருதேன்."

"மஞ்சக்காமாலைக்கு ஊசி கெடையாதும்மா. படுத்துத்தான் ஆகணும். இப்படியே லைன்ல போய் நின்னா ஈரல் கெட்டுப் போயிடும்."

"எங்க ரூம் தங்கமாரி ஒங்க லெட்டரத்தான் குடுத்தா. அந்த டாக்டரம்மா அரசியல் பண்ணுதாவ, அவங்க லெட்டர் செல்லாதுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. லீவையெல்லாம் ஆப்சென்ட்னு போட்டு, வேலைய விட்டே எடுத்துட்டாவ."

அரசியல். சுங்குவார்சத்திரத்தில் கிளினிக் வைத்துக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பார்த்துக்கொண்டிருந்தவரை யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. ஹாஸ்டல் தண்ணீரைச் சோதிக்க வேண்டும், ராத்திரியிலும் டாக்டர் இருக்கிற அரசு ஆஸ்பத்திரி வேண்டும் என்று மனுக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோய், போன தேர்தலில் சுயேச்சையாக நின்றார். கிளினிக் வாசலில் நிற்கும் கூட்டமே போதும், ஜெயித்துவிடலாம் என்று நம்பினார். லீவு நாட்களில் இந்தப் பெண்கள்தான் நோட்டீஸ் கொடுத்தார்கள், தொண்டை கட்டக் கத்தினார்கள். ஓட்டுப் போடும் நாளில் கம்பெனி லீவு விட்டது. முந்தின சாயங்காலமே அத்தனை பேரும் திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் பஸ் ஏறிவிட்டார்கள்.

"அவங்க ஓட்டெல்லாம் அவங்க ஊர்லதானே கீது டாக்டர், உங்களுக்குத் தெரியாதா இன்னா?" என்று அன்றைக்குக் கேட்டாள் நர்ஸ் ராஜாமணி. தெரியவில்லைதான். அவ்வளவு படித்தும் அது மண்டையில் ஏறவில்லை. இங்கே ஓட்டு உள்ளவர்களோ ஹாஸ்டல் கட்டி வாடகைக்கு விட்டவர்கள், லாரியில் தண்ணீர் விற்கிறவர்கள். தண்ணீரைச் சோதிப்பேன் என்றவருக்கு அவர்கள் எதற்குப் போடுவார்கள்? டெபாசிட் போனது. அதோடு போயிருந்தால் சரி. இத்தனை வருஷமாக அவரிடம் உருப்படியாக இருந்தது ஒரு கையெழுத்து. அதைக் காட்டினால் ஒரு பெண் நாலு நாள் படுத்துக் கிடக்கலாம். அதையும் கெடுத்துக்கொண்டார்.

ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் டாக்டர் பலராமனுக்குப் போன் போட்டார். "அனுப்புங்க மேடம், பாக்குறேன். ஆனா லீவு லெட்டர் மட்டும் கேக்காதீங்க" என்றார் அவர். "நீங்க அனுப்புன பொண்ணுன்னு தெரிஞ்சா என் லெட்டரும் செல்லாது. அப்புறம் இந்தப் பொண்ணுங்களுக்கு யார் லெட்டர் செல்லும், சொல்லுங்க?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. மதிவதனி போனை வைத்தார்.

"இங்கயே படும்மா, குளுக்கோஸ் ஏத்துறேன்." கெஞ்சுகிற மாதிரி அவருக்கே கேட்டது.

"பஸ் வந்துரும்." முத்துச்செல்வி மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்தாள். வாசலில் நின்று, டாக்டரைத் தேற்றுகிறவள் போலச் சொன்னாள்: "அடுத்த தடவ எங்க ஊருல வந்து நில்லுங்க டாக்டர். பூராப் பேரும் ஒங்களுக்குத்தான் போடுவோம்."

டாக்டர் அவள் பின்னாலேயே படி இறங்கினார். ரோட்டோரம் கம்பெனி பஸ் வந்து நின்றது. கையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாம். வேலை போனால் அவள் வீட்டுக்கு யார் பதில் சொல்வது? அதற்குள் முத்துச்செல்வி கம்பியைப் பற்றி ஏறிவிட்டாள். பஸ் நகர்ந்தது. ஜன்னல்களில் அத்தனை முகங்களைப் பார்த்ததும், ஓட்டுக் கேட்டு அலைந்த பழக்கத்தில் டாக்டரின் கைகள் தாமாகக் குவிந்துவிட்டன. உள்ளே இருந்த பெண்கள் சிரித்துக் கையாட்டினார்கள். முத்துச்செல்வி மட்டும் முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக் குனிந்திருந்தாள்.